மருந்துக்கடையில ஒண்டே முக்கால் மணித்தியாலம், லைன் எண்டு ஒண்டு இருந்தாத்தானே நிக்கிறதுக்கு

பாலையூற்றான் | வியாழன், இரவு 10.12

வயித்தெரிச்சலில எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் அம்மாவை சனலுக்கு, அதுதான் காசு கட்டி டொக்டரைப் பாக்கிற இடத்துக்கு, கூட்டிக்கொண்டு போனனான், நம்பர் 23, டொக்டர் 4 மணிக்கு எண்டு சொல்லி 5.20க்கு வந்தவர், சரி அது வழமைதானே, அந்த மனுசனும் ஆஸ்பத்திரி வேலை முடிச்சுத்தானே வரோணும். உள்ளுக்க இருந்தது நாலு நிமிசம். வெளியில வரேக்க ஏழு மணி. அதுவரைக்கும் எனக்குக் கோவமே வரேல்ல.

டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டைக் கொண்டு மருந்துக்கடைக்குப் போனா அங்க ஒரு நாப்பது சனம். லைன் இல்ல. கண்ணாடி மேசைக்கு மேலால முழுக்கக் கைதான், ஒரு கையில துண்டு, மற்றக் கையில காசு, எல்லாரும் தம்பி தம்பி எண்டு கத்துகினம், அந்தப் பெடியன் எந்தக் கை அவன்ர மூக்குக்குக் கிட்ட வருதோ அதை இழுத்தெடுக்கிறான். உயரமான ஆக்களுக்குத்தான் மருந்து. அம்மா ஐஞ்சடி கூட இல்ல. வெளியில சீமெந்துக் கட்டில அவவை இருத்திப்போட்டு நான் போய்க் கையை நீட்டினன், என்ர துண்டை எடுத்தவன், எடுத்து ஒரு கட்டுக்கு மேல வச்சவன், பிறகு வந்த ஆக்கள்ற துண்டை அதுக்கு மேல வச்சவன், இப்ப மேல இருந்து எடுத்தா எப்பிடி என்ர முறை வரும் சொல்லுங்கோ பாப்பம்.

இதுக்குள்ள ஒரு பிள்ளை மூலைக்குள்ள நிண்டு ஃபோனைப் பாத்துப் பாத்துப் பை கட்டிக்கொண்டிருக்கு. வட்ஸ்அப்பில படம் அனுப்பின ஆக்களுக்காம். ஒருத்தர் கார் எஞ்சினைக் கூட நிப்பாட்டேல்ல, வந்தார், பேரைச் சொன்னார், பையை வாங்கினார், போயிட்டார். நாங்கள் மடையர் மாதிரி பாத்துக்கொண்டு நிக்கிறம்.

8.45க்கு மருந்து கிடைச்சது. பெடியன் ஏதோ சொல்ல வெளிக்கிட்டான், எனக்கு இருந்த விசருக்கு "சரி சரி தெரியும் தா" எண்டு பறிச்சுக்கொண்டு வந்திட்டன். இது எனக்கு மட்டுமோ, இல்ல எல்லாருக்கும் இப்பிடியோ?

மான்குட்டி | வியாழன், இரவு 10.20

உங்களுக்கு மட்டும் இல்ல அண்ணை. ஆனா நீங்கள் துண்டோட போய்ச் சேந்தீங்கள் பாருங்கோ, அதுவே பெரிய விசயம். போன வருசம் நான் துண்டை மோட்டசைக்கிள் கூடைக்குள்ள வச்சிட்டு ரீ குடிக்கப் போனன், வந்து பாத்தா எங்கட டவுனுக்குள்ள திரியிற மான் ஒண்டு அதைத் திண்டுகொண்டு நிக்குது. பாதித் துண்டுதான் மிச்சம். கடையில கொண்டுபோய்க் காட்டினன், "டொக்டர்ற சைன் இல்லாமத் தரேலாது" எண்டிட்டினம். சைன் மான்ர வயித்துக்குள்ள இருக்கு எண்டன். சிரிச்சினம், மருந்து தரேல்ல.

ஓர்ஸ்ஹில் அக்கா | வியாழன், இரவு 10.41

லைன் இல்லாதது ஒரு பக்கம். எனக்கு அதை விடக் கரைச்சல் வேற. ரெண்டு மாசத்துக்கு முதல் ஒரு பெம்பிளை டொக்டரிட்டக் காட்டிப்போட்டு ஒரு கிறீம் வாங்கப் போனன், என்ன கிறீம் எண்டு சொல்லத் தேவையில்லதானே. பெடியன் உள்ளுக்க றாக்கைக்குப் பக்கத்தில நிண்டு கத்துறான், "அக்கா, இது உள்ளுக்க பூசுறதோ வெளியில பூசுறதோ?" நாப்பது தலை திரும்பினது. அதில ரெண்டு பேர் எங்கட லேனில இருக்கிற ஆக்கள். ஒருத்தர் என்ர மகளுக்குப் படிப்பிச்ச சேர்.

கத்தாம வேற எப்பிடிக் கேக்கிறது எண்டு நீங்கள் கேப்பீங்கள். அதுதான் நானும் சொல்லுறன், எல்லாரும் ஒரே மேசையில விழுந்து கிடந்தா கத்தத்தான் வேணும். ஒவ்வொரு ஆளா வந்தா மெல்லமாக் கேக்கலாம். அண்டையில இருந்து நான் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் மருந்து வாங்கப் போறது, அவசரமில்லாததுக்கு. அந்த நேரம் ஈ தான் இருக்கும்.

நிலாவெளி வெங்காயம் | வியாழன், இரவு 11.05

அது [நெறியாளரால் நீக்கப்பட்டது] கடைதானே? எனக்குத் தெரியும். அவை எப்பவும் இப்பிடித்தான்.

நெறியாளர் | வியாழன், இரவு 11.09

கடை, டொக்டர், ஆஸ்பத்திரி பேர் போடாதேங்கோ. பிரச்சினையை மட்டும் கதையுங்கோ. முதலும் ஒரு இழையை இதாலதான் பூட்ட வேண்டி வந்தது.

கிண்ணியாக் காக்கா | வெள்ளி, காலை 6.30

பாலையூற்றான் தம்பி, உங்கட கோவம் விளங்குது, ஆனா அந்த வட்ஸ்அப் விசயத்தில ஒண்டு சொல்லோணும். வட்ஸ்அப்பில அனுப்புற எல்லாரும் கார்க்காரன் இல்ல. நான் கிண்ணியா. எங்கட வாப்பாக்கு இழுப்பு, ரெண்டு பம்ப், ஒண்டு நீலம், மற்றது காலையும் பின்னேரமும் இழுக்கிறது. ரெண்டாவது எப்பவும் எல்லாக் கடையிலயும் கிடைக்காது. முந்தி நான் என்ன செய்வன், பஸ் ஏறி வந்து அந்த மேசைக்கு முன்னால நிண்டு நிண்டு, என்ர முறை வரேக்க "அது முடிஞ்சு போச்சு நானா, திங்கள் வாங்க" எண்டு ஒரு பதில். திரும்பிப் போற பஸ்ஸும் பெய்த்திரும். 2009ல பாலம் திறந்தது, அதுக்கு முதல் பாதையில தோணிக்கு நிண்ட காலம் எல்லாம் எங்களுக்கு ஞாபகம் இரிக்கி, அந்தக் காலத்தோட பாத்தா இப்ப லேசுதான், எண்டாலும் இல்லாத மருந்துக்கு ஒருத்தன் இவ்வளவு தூரம் வரோணுமா?

இப்ப காலையில படம் அனுப்புறன், இரிக்கு இல்ல எண்டு பதில் வரும், இரிந்தா மட்டும் வாறன். மஃரிபுக்கு முதல் வீட்ட போயிரலாம். அதைக் குடுக்கிற பிள்ளை எனக்கு முன்னுரிமை தாற எண்டு நீங்க நினைக்கிறீங்க, நான் அனுப்பினது காலை ஏழு மணிக்கு. நீங்க வந்தது பின்னேரம் ஏழு மணிக்கு. இதில ஆர் முதல்?

பாலையூற்றான் | வெள்ளி, காலை 7.15

காக்கா, அப்பிடி நான் யோசிக்கேல்ல. நீங்கள் சொல்லுறது நியாயம். ஆனா அங்க நிண்ட எங்களுக்கு அது தெரியாதே. அவர் காலையில அனுப்பினவரோ, இல்ல கடைக்கு வெளியில கார்க்குள்ள இருந்து அனுப்பினவரோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு மட்டையில எழுதிப் போட்டாலே பாதிக் கோவம் போயிருக்கும்.

வெள்ளைக்கோட்டு | வெள்ளி, இரவு 9.50

நான் மருந்தாளர். உங்கட கடை இல்ல, வேற கடை, திருமலைக்குள்ளதான். கடை பூட்டிப்போட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டு எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், வாசிக்கப் பஞ்சியா இருந்தா விடுங்கோ.

முதல் விசயம், நேரம். அரசாங்க டொக்டர்மார் வேலை முடிஞ்சு நாலு மணிக்குப் பிறகுதான் வெளியில பாக்கிறது. அப்ப முழு டவுனில இருக்கிற துண்டும் ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில வந்து விழும். காலை பத்து மணிக்கு நான் றாக்கைத் தூசு தட்டிக்கொண்டு இருப்பன். பின்னேரத்துக்கு மட்டும் நாலு மருந்தாளரை வச்சிருக்க எந்த முதலாளியாலயும் ஏலாது, வச்சிருக்க நினைச்சாலும் ஆள் இல்ல. மெடிக்கல் கவுன்சிலில பதிஞ்ச மருந்தாளர் ஒராள் கடையில இருந்தாத்தான் மருந்து குடுக்கலாம். மேசைக்கு முன்னால நிக்கிற பெடியங்கள் எடுத்துத் தருவாங்கள், வெட்டுவாங்கள், கவருக்குள்ள போடுவாங்கள். ஆனா ஒவ்வொரு பையும் அந்த ஒராள்ற கண்ணுக்குக் கீழ போகோணும். நாப்பது சனத்துக்கு ரெண்டு கண்.

ரெண்டாவது, அந்தக் கண் என்ன பாக்குது எண்டது. ஒரு துண்டில சராசரி ஐஞ்சு மருந்து. டொக்டர்ற எழுத்து பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல, நீங்களே பாத்திருப்பீங்கள். பிள்ளைக்குப் பாணி மருந்து எண்டா நிறை கேக்கோணும், எட்டுக் கிலோப் பிள்ளைக்கும் பதினைஞ்சு கிலோப் பிள்ளைக்கும் ஒரே கரண்டி இல்ல. சில பாணி பவுடராத்தான் வரும், போத்தலைத் தட்டி, கொதிச்சாறின தண்ணியைக் கோடு மட்டும் விட்டு, குலுக்கி, நுரை அடங்கினாப் பிறகு திரும்ப விடோணும். வீட்டில கலக்கச் சொல்லிக் குடுத்தா பாதிப்பேர் கோட்டுக்கு மேல ஊத்துவினம், மருந்து தண்ணியாப் போகும். மூட்டு வாதத்துக்கு மெதோட்ரெக்சேட் எண்டு ஒண்டு குடுக்கிறது, அது கிழமையில ஒரு நாள் மட்டும் குடிக்கிறது. அவசரத்தில ஒரு பெடியன் கவரில "தினமும்" எண்டு எழுதினா அந்த மனுசன் செத்துப் போகவும் கூடும். எனக்கு அந்தக் கவரைப் பாக்கிறதுக்கு ஒரு நிமிசம் வேணும். அந்த நிமிசத்தில நீங்கள் மேசையில கையால தட்டுறீங்கள்.

மூண்டாவது ஆரும் சொல்லுறதில்ல, காசு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு துண்டில ஒரு மாசத்துக்கு எண்டு இருக்கும், ஆள் முதல்ல "எவ்வளவு வரும்" எண்டு கேக்கும், கணக்குப் பாத்துச் சொல்லுவம், முகம் மாறும், "அப்ப பத்து நாளைக்குத் தாங்கோ", திரும்பக் கணக்கு, "இதில எது முக்கியம் தம்பி, அதை மட்டும் தாங்கோ". அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? பிரஷர் குளிசையை விடுங்கோ எண்டோ, சீனிக் குளிசையை விடுங்கோ எண்டோ? அந்த ஆளை அஞ்சு நிமிசத்தில அனுப்பேலாது. பின்னால நிக்கிற ஆக்களுக்கு அவர் என்ன கதைக்கிறார் எண்டு தெரியாது, சும்மா மினைக்கெடுத்திறார் எண்டுதான் நினைப்பினம்.

பாலையூற்றான் தம்பி, நீங்கள் எழுதினதில ஒரு வரி எனக்குக் குத்தினது. பெடியன் ஏதோ சொல்ல வெளிக்கிட்டவன், நீங்கள் பறிச்சுக்கொண்டு வந்தீங்கள் எண்டது. அவன் என்ன சொல்ல வந்தவன் எண்டு கேட்டுப் பாருங்கோ.

பழைய கச்சேரி | சனி, காலை 5.55

பென்சன்காரன், விடிய எழும்பிப் போடுவன், அதால இந்த நேரத்தில எழுதுறன். தம்பி வெள்ளைக்கோட்டு சொன்னது முழுக்கச் சரி, ஆனா ஒரு வேரை அவர் தொடேல்ல. ஒரே மருந்து பத்துப் பேரில வருது. அதாலதான் பாதி நேரம் போகுது. டொக்டர் ஒரு பேர் எழுதுவார், கடையில அது இருக்காது, அதே சாமான் வேற பேரில இருக்கும், தரலாமோ எண்டு கேக்கோணும், நோயாளி "எனக்கு அதுதான் வேணும்" எண்டு நிப்பார், அதுக்கொரு பத்து நிமிசம்.

இந்த நாட்டில இதைப் பற்றி அப்பவே யோசிச்ச மனுசன் பேராசிரியர் சேனக பிபிலே. 1971ல அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் தொடங்கேக்க அவர்தான் முதல் தலைவர். மருந்தைக் கொம்பனிப் பேரில வாங்காதேங்கோ, பொதுப்பேரில, அதுதான் உள்ளுக்க இருக்கிற மருந்தின்ர பேரில, வாங்குங்கோ, எழுதுங்கோ எண்டவர். 1977ல கயானாவில செத்துப் போனார். ஒசுசல எண்டு நாங்கள் போற கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தின்ரதான். பிறகு எவ்வளவோ காலம் கழிச்சு 2015ல மருந்துகளுக்கான 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதிலயும் துண்டில பொதுப்பேர் விளங்கக்கூடிய மாதிரி எழுதோணும் எண்டுதான் இருக்கு. 2016ல 48 மருந்துக்கு உச்ச விலையும் போட்டவை. சட்டம் இருக்கு. துண்டைப் பாருங்கோ, என்ன எழுதியிருக்கு எண்டு.

ஸ்கார்பரோ திருமலை | சனி, காலை 8.02

இங்க கனடாவிலயும் காத்திருக்கிறதுதான், ஆனா ஒரு நேரம் சொல்லுவினம், 25 நிமிசம் எண்டா நாங்கள் கடைக்குள்ள சுத்திப்போட்டு வருவம். போன் மெசேஜும் வரும். உங்க இன்னும் அப்பிடி இல்லையோ?

மான்குட்டி | சனி, காலை 8.10

அண்ணை நாங்களும் சுத்துவம், கடைக்குள்ள இல்ல, கடையைச் சுத்தி.

பாலையூற்றான் | சனி, பின்னேரம் 4.37

வெள்ளைக்கோட்டு அண்ணை, இருக்கிறீங்களோ? கொஞ்சம் அவசரம்.

அம்மாக்கு நேத்தில இருந்து தலை சுத்துது. எழும்பி நிக்கேக்க கண் இருட்டுது எண்டு சொன்னவ. நான் வெயில் எண்டு நினைச்சன், வியாழன் நிண்ட களைப்பு எண்டும் நினைச்சன். உங்கட கடைசி வரி மண்டைக்குள்ள ஓடிக்கொண்டிருந்தது, இப்ப போய் மருந்துப் பையைத் திறந்து பாத்தன். புதுசா வாங்கின குளிசைக் கார்டில பெரிய எழுத்தில ஒரு பேர், அதுக்குக் கீழ கண்ணாடி போட்டும் தெரியாத சின்ன எழுத்தில லொசாட்டன் பொட்டாசியம் 50 எண்டு இருக்கு. அம்மா ஏற்கனவே கிளினிக்கில எடுக்கிற வெள்ளைக் கவரில பேனையால லொசாட்டன் 50 எண்டு எழுதிக் கிடக்கு. ரெண்டும் ஒண்டோ?

வெள்ளைக்கோட்டு | சனி, பின்னேரம் 4.44

ஒண்டுதான். ரெண்டையும் குடிக்கிறாவோ? பிரஷர் பாக்கிற மெசின் வீட்டில இருக்கோ?

பாலையூற்றான் | சனி, பின்னேரம் 4.46

ரெண்டையும்தான். மெசின் பக்கத்து வீட்டில இருக்கு, பெடியனை அனுப்பியிருக்கிறன்.

வெள்ளைக்கோட்டு | சனி, பின்னேரம் 4.52

பயப்பிடாதேங்கோ. லொசாட்டன் 100 வரைக்கும் குடுக்கிறது உண்டு, ஆனா அது டொக்டர் தெரிஞ்சு, பாத்துக் கூட்டுறது. இது தெரியாமக் கூடினது. வயசான ஆள், எழும்பேக்க விழுந்து இடுப்பை உடைச்சா அது வேற கதை. அம்மாவைப் படுக்க வையுங்கோ, சட்டெண்டு எழும்ப விடாதேங்கோ, தண்ணி குடுங்கோ. நீங்களா ரெண்டையும் நிப்பாட்டவும் வேண்டாம். சனல் செய்த இடத்துக்கு இப்பவே கோல் எடுத்து டொக்டரிட்டக் கேளுங்கோ, அவர் கிடைக்காட்டி ஆஸ்பத்திரிக்கு. மயக்கம் வந்தா கோல் எடுத்துக்கொண்டு இராதேங்கோ, நேரா ஓட்டோ பிடியுங்கோ. போகேக்க ரெண்டு கார்டையும் கிளினிக் கொப்பியையும் கையில கொண்டு போங்கோ. டொக்டரிட்ட வியாழக்கிழமை கொப்பியைக் காட்டினீங்களோ?

பாலையூற்றான் | சனி, இரவு 8.20

பிரஷர் 98க்கு 60 இருந்தது. டொக்டர் ஃபோனில கதைச்சவர், நல்ல மனுசன், புதுசை நிப்பாட்டச் சொன்னவர், பழசை நாளைக்குக் காலையில இருந்து வழமை மாதிரி, திங்கள் வந்து காட்டச் சொன்னவர். அம்மா இப்ப புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுப்போட்டு நாடகம் பாக்கிறா.

கொப்பி காட்டேல்ல. அதுதான் உண்மை. நம்பர் 23 எண்ட அவசரத்தில கொப்பி வீட்டில கிடந்தது. டொக்டர் "என்ன குளிசை எடுக்கிறீங்கள் அம்மா" எண்டு கேட்டவர், அம்மா சொன்ன பதில் "ஒரு வெள்ளைக் குளிசை, ஒரு ரோஸ் குளிசை". நானும் பக்கத்தில நிண்டு தலையாட்டினன். அந்த மனுசன் நாலு நிமிசத்தில என்ன செய்யும்.

பெடியன் என்ன சொல்ல வந்தவன் எண்டு இப்ப ஞாபகம் வருது. "அண்ணை, அம்மா வேற பிரஷர் குளிசை..." அதோட நான் பறிச்சிட்டன்.

ஓர்ஸ்ஹில் அக்கா | சனி, இரவு 8.33

ஐயோ தம்பி. அம்மா சுகம் எண்டது போதும், உங்களை நீங்களே போட்டு அடிக்காதேங்கோ. ஒண்டே முக்கால் மணித்தியாலம் நிண்டா ஆரும் பறிப்பினம், நானும் பறிச்சிருப்பன்.

கிண்ணியாக் காக்கா | சனி, இரவு 9.15

உம்மாக்கு ஒண்டும் ஆகேல்ல, அல்ஹம்துலில்லாஹ். நான் இப்ப எழும்பிப் போய் வாப்பாட கவரெல்லாம் மேசையில கொட்டிப் பாத்தன். ஒண்டும் ரெட்டிப்பு இல்ல. ஆனா திகதி முடிஞ்ச பாணி ரெண்டு போத்தல் இரிந்திச்சு, ஊத்திட்டன். ரெண்டு மருந்தின் பேரையும் சின்ன எழுத்தில இரிக்கிறதப் பாத்து எழுதி பேர்சுக்குள்ள வச்சிரிக்கன்.

நிலாவெளி வெங்காயம் | ஞாயிறு, காலை 9.40

எல்லாம் சரி, இப்ப எல்லாரும் மருந்துக்கடைக்கு வெள்ளை அடிக்கிற மாதிரிக் கிடக்கு. பாலையூற்றான் கொப்பி கொண்டு போகாதது அவற்ற பிழை. ஆனா முதல் வந்தவனுக்கு முதல் குடுக்காதது ஆற்ற பிழை? மருந்தாளர் குறைவு எண்டு சொல்லுறீங்கள், ஓம், ஒத்துக்கொள்ளுறன். நம்பர் குடுக்கிறதுக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு வேணுமோ? சலூனில கூட நம்பர் இருக்கு. மீன் சந்தையில கூட ஆர் முதல் வந்தது எண்டு மீன் வெட்டுறவருக்குத் தெரியும்.

வெள்ளைக்கோட்டு | ஞாயிறு, காலை 11.30

வெங்காயம் சொல்லுறதுக்கு என்னட்ட மறுப்பு இல்ல. உரிக்க உரிக்கக் கண் எரியுது, ஆனா சரி. மருந்து பாக்கிற மெதுவும், ஒழுங்கில்லாததால வாற மெதுவும் ரெண்டும் வேற. முதலாவதை நான் குறைக்க மாட்டன், நீங்கள் கத்தினாலும். ரெண்டாவதுக்கு நான் வெக்கப்படுறன். எங்கட கடையிலயும் துண்டை ஒரு கம்பியில குத்தி வைக்கிறதுதான், கம்பியில மேல இருக்கிறதுதானே முதல் வரும், அதை இவ்வளவு வருசமா நான் யோசிக்கவே இல்ல எண்டு இந்த இழையைப் பாத்தாப் பிறகுதான் விளங்குது. நாளைக்கு முதலாளியோட கதைக்கிறன்.

பழைய கச்சேரி | ஞாயிறு, காலை 11.52

2022ல டீசலுக்கு மூண்டு நாள் ஒழுங்கா லைனில நிண்ட சனம் நாங்கள். கல்லு வச்சுப்போட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தா கல்லு அதே இடத்தில கிடந்தது. பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத அந்த நாளுகளில மனுசிக்கு இன்சுலின் போத்தலை மண்முட்டிக்குள்ள ஈர மணலில வச்சனான். லைனில நிக்கத் தெரியாத சனம் இல்ல இது. கோடு கீறி விட்டாப் போதும்.

பாலையூற்றான் | புதன், பின்னேரம் 3.18

திங்கள் அம்மாவைக் காட்டினன், பிரஷர் 130க்கு 80, கொப்பியோட போனன், டொக்டர் கொப்பியில புதுத் துண்டை ஒட்டி விட்டவர்.

இண்டைக்கு மிச்ச மருந்து வாங்க அக்கா சொன்ன மாதிரி ரெண்டு மணிக்குப் போனன். அதே கடை. முதலாளி ஐயா மேசையில இருந்தவர், வியாழக்கிழமைக் கதையையும் சொல்லி, பெடியனிட்ட மன்னிப்பும் கேட்டன். அவனுக்கு என்னை ஞாபகமே இல்ல, "அப்பிடி நாளைக்கு ஒரு முப்பது பேர் பறிப்பினம் அண்ணை" எண்டான். பிறகு நம்பர் வைக்கலாமே ஐயா எண்டு மெல்லமாக் கேட்டன். மனுசன் லாச்சியைத் திறந்து ஒரு றப்பர் பாண்ட் போட்ட கட்டை எடுத்துக் காட்டினார். பழைய குளிசைப் பெட்டி மட்டையை வெட்டி, நீலப் பேனையால நம்பர் எழுதினது. "வச்சனாங்கள் தம்பி, போன வருசம். 1இல இருந்து 50 வரை எழுதினது. ஒரு மாசத்தில பாதி இல்ல. சனம் பொக்கெட்டில போட்டுக்கொண்டு போயிடும். 6க்குப் பிறகு 11ஐக் கூப்பிட்டா 7 எங்க எண்டு சண்டை. அந்தச் சண்டைக்கு இந்தச் சண்டை பறவாயில்ல எண்டு விட்டிட்டன்."

திரும்ப எழுதி வைக்கலாம் ஐயா, மருந்தைக் கையில குடுக்கேக்க மட்டையைத் திருப்பி வாங்கினாச் சரிதானே எண்டன். யோசிச்சார். பெடியனைக் கூப்பிட்டு இல்லாத நம்பரை எல்லாம் எழுதச் சொன்னார், அவன் எழுதேக்க இன்னும் ரெண்டு மூண்டு ஆக்கள் வந்திச்சினம், அங்கயே தொடங்கிச்சு, எனக்குக் கூட ஒண்டு தந்தவன், கடையில நாலு பேர்தான் நிண்டது எண்டாலும். பதினொரு நிமிசத்தில வெளிய வந்திட்டன். இந்த முறை பெடியன் சொன்னதெல்லாம் நிண்டு கேட்டன், சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில ஒண்டு, வேற குளிசை என்ன எடுக்கிறா, எல்லாம்.

மான்குட்டி | புதன், பின்னேரம் 3.25

எல்லாம் நல்லா இருக்கு அண்ணை. மட்டையைத் திருப்பிக் குடுத்தனீங்கள்தானே?

பாலையூற்றான் | புதன், பின்னேரம் 3.31

குடுத்தனான். குடுத்தனான் எண்டுதான் நினைக்கிறன். பொறுங்கோ.

பாலையூற்றான் | புதன், பின்னேரம் 3.33

17. சேர்ட் பொக்கெட்டுக்குள்ள கிடக்குது. இப்ப மோட்டசைக்கிளை எடுக்கிறன்.